நூறு பந்தா, கக்கத்தில் ஒரு துண்டா? மூன்று மணி நேரத்தை எங்கே செலவழிப்பது

சென்ற மாதம் சுங்கை பூலோவில் ஒரு கல்யாணம். என் மைத்துனர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார்: "மச்சான், வாரத்துக்கு மூணு மணி நேரந்தான் எனக்குக் கெடைக்குது. ரேஞ்சுக்குப் போய் அடிக்கவா, கோச்சுக்குக் காசு கட்டவா, இல்ல அந்த ஸ்கிரீன் வச்ச எடத்துக்குப் போகவா? எதைச் செஞ்சா இந்த ஸ்லைஸ் ஒழியும்?" கேட்டது கோல்ஃப் பற்றி. ரேஞ்சு என்பது பந்தடித்துப் பழகும் இடம், ஸ்லைஸ் என்பது பந்து வலப்பக்கம் வளைந்து போவது. பந்தி போட்டுவிட்டார்கள், அங்கே முழுதாகப் பேச முடியவில்லை. அவருக்கு நான் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் மட்டை பிடித்து, சனி ஞாயிறு மட்டும் திடலில் கால் வைக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

நான் ஒன்பது வருடமாக ஆடுகிறேன். முதல் நான்கு வருடம் ரேஞ்சில் வாளி வாளியாகப் பந்து அடித்தேன். ஹேண்டிகேப் என்ற தர எண் (குறைந்தால் நல்லது) 26-இலிருந்து 24-க்கு வந்தது, அவ்வளவுதான். பிறகு பயிற்சி செய்யும் முறையையே மாற்றினேன். இப்போது 15. வலக்கை ஆட்டக்காரரை வைத்தே எழுதுகிறேன், இடக்கைக்காரர்கள் திருப்பிப் படித்துக்கொள்ளவும்.

ரேஞ்சு: பாய் சொல்லும் பொய்

கோலாலம்பூரில் கோல்ஃப் பழகுகிறவருக்கு ரேஞ்சுதான் முதல் பள்ளிக்கூடம். பிற்பகலில் எந்த நேரமும் வானம் இருட்டிக்கொண்டு வரும் ஊர் இது. மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் திடலில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஒதுங்க வேண்டும். ரேஞ்சில் தலைக்கு மேல் கூரை, இரவில் விளக்கு, வேலை முடிந்து போய் ஒரு வாளி அடித்துவிட்டு மாமாக் கடையில் தே தாரிக் குடித்து வீடு திரும்பலாம். செலவும் குறைவு. இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஸ்விங், அதாவது மட்டை வீசும் முறை, திருந்த வேண்டும் என்று அங்கே போகிறவருக்கு இரண்டு கண்ணிகள் காத்திருக்கின்றன.

முதல் கண்ணி, காலடியில் விரித்திருக்கும் செயற்கைப் பாய். பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னாலேயே மட்டை தரையில் பட்டாலும், பாய் அதைப் பிடித்து நிறுத்தாது. மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். பந்தும் ஓரளவு நேராகப் போகும், சத்தமும் கேட்க நன்றாக இருக்கும். அதே அடியை நம் ஊர்த் திடல்கள் பலவற்றில் இருக்கும் கௌ கிராஸ் மேல், மழை பெய்த மறுநாள் அடித்துப் பாருங்கள். அகலமான இலை மட்டையைக் கவ்வும், ஈர மண் இழுக்கும், பந்து பத்தடி தள்ளிப் போய் உட்காரும். ரேஞ்சில் நன்றாக இருந்த கை திடலில் கெட்டுவிட்டது என்று பலர் சொல்கிறார்கள். கை கெடவில்லை. ரேஞ்சிலும் அது அதே அடிதான், பாய் மூடி மறைத்தது.

இதற்குக் காசில்லாத மருந்து உண்டு. சிறு துண்டு ஒன்றை மடித்து, பந்துக்குப் பின்னால் அரைச் சாண் தள்ளிப் பாயில் போடுங்கள். அயர்ன் மட்டையால், துண்டைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும். முதல் நாள் நான் அடித்த பத்தில் ஏழு முறை துண்டு பறந்தது. நான்கு வருடம் என்ன பழகிக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டாம் கண்ணி, ஒரே மட்டையால் ஒரே திசையில் முப்பது பந்து. பதினைந்தாவது பந்தில் கை படிந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாம் நேர். மனம் குளிர்ந்து வீட்டுக்குப் போவோம். ஆனால் திடலில் 7 அயர்ன் ஒருமுறை எடுத்தால் அடுத்த முறை எடுக்க மூன்று நான்கு குழி ஆகலாம். அங்கே பதினைந்து பந்து அடித்துக் கை படியக் காத்திருக்க யார் விடுவார்கள்?

பேட்மிண்டன் பார்த்தே வளர்ந்த நமக்கு இதைப் புரியவைக்க ஓர் ஆய்வு கைவசம் இருக்கிறது. 1986-இல் குட், மெகில் என்ற இருவர் வெளியிட்டது. மூன்று வகை சர்வீஸை ஒரு குழு ஒவ்வொன்றாகத் தொடர்ந்து பழகியது, இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது. பயிற்சி முடிந்து பிறகு சோதித்தபோது கலந்து பழகியவர்களே மேல். பழகாத பக்கத்திலிருந்து சர்வீஸ் போடச் சொன்னபோதும் அவர்களே மேல். கலந்து பழகும் அன்று ஆட்டம் மோசமாகத் தெரியும் என்பதால்தான் நாம் அதைத் தவிர்க்கிறோம். ஒவ்வொரு முறையும் புதிதாக யோசித்து அடிக்க வேண்டியிருக்கிறது, அந்தச் சிரமந்தான் மனதில் பதிகிறது.

2015-இல் புக்கிட் கியாராவில் சிஐஎம்பி கிளாசிக் கோல்ஃப் போட்டி நடந்தபோது போயிருந்தேன். ஜஸ்டின் தாமஸ் வென்ற ஆண்டு அது, அடுத்த ஆண்டும் அவரே வென்றார். எல்லாரும் பதினெட்டாம் குழிப் பக்கம் போக, நான் பயிற்சித் திடலிலேயே ஒரு மணி நேரம் நின்றுவிட்டேன். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்கள் தரையில் குச்சி வைத்துக் குறி பார்த்தார்கள். ஒவ்வொரு பந்துக்கும் பின்னால் போய் நின்று இலக்கைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு பந்துக்கும் அடுத்ததற்கும் இடையே அத்தனை இடைவெளி. நம் ரேஞ்சில் அந்த நேரத்தில் ஐந்து பந்து போயிருக்கும்.

ஆகவே ரேஞ்சுக்குப் போங்கள், ஆனால் நாற்பது பந்து போதும். பத்து துண்டோடு. மிச்சம் முப்பதை, உங்களுக்குத் தெரிந்த திடலை மனதில் வைத்து ஆடுங்கள்: டிரைவர் (நெடுந்தூரம் அடிக்கும் மட்டை), அடுத்து 8 அயர்ன், அடுத்து வெட்ஜ் (கிட்டத்தில் அடிக்கும் மட்டை). முதல் பந்து வலப்பக்கம் போய்விட்டால் அடுத்தது மரத்துக்கு அடியிலிருந்து தாழ்வாக அடிக்கும் பந்து.

வீடு: பந்து இல்லாத பத்து நிமிடம்

என் மகள் பிரிக்பீல்ட்ஸில் பரதம் கற்கிறாள். தட்டடவை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில் ஆடி, இரண்டாம் காலத்துக்குப் போய், பிறகுதான் மூன்றாம் காலம். முதல் காலத்தில் அரைமண்டி சரியில்லை என்றால் ஆசிரியை மேலே போக விடமாட்டார். வகுப்பு முடியும்வரை வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது: நாம் கோல்ஃபை மூன்றாம் காலத்திலேயே தொடங்குகிறோம்.

மேலே போன மட்டை கீழே இறங்கிப் பந்தைத் தொட ஏறக்குறைய கால் வினாடிதான் ஆகிறது. கண்ணால் ஒன்றைப் பார்த்து உடம்பு அசைய மனிதனுக்குக் கிட்டத்தட்ட அவ்வளவு நேரமே வேண்டும். இறங்கும்போது "முழங்கையை உள்ளே கொண்டுவா" என்று நினைத்தால், நினைத்து முடிப்பதற்குள் பந்து போயிருக்கும். அந்தக் கால் வினாடியில் பழக்கம் மட்டுமே வேலை செய்யும். பழக்கத்தை மாற்ற வேண்டுமானால் மெதுவாகத்தான் மாற்ற முடியும். முன்னால் பந்து இருந்தால் அது எங்கே போகும் என்ற பயம் குறுக்கே வரும், உடம்பு பழைய வழிக்கே ஓடும். பந்தை எடுத்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும்.

நான் செய்வது மூன்றே பயிற்சி. நீளமான துண்டை மார்புக்குக் குறுக்கே போட்டு இரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு, கை இடுப்பு உயரம் வரை மட்டுமே போய்வரும் அரை ஸ்விங். துண்டு விழுந்தால் கை தனியாக, உடம்பு தனியாகப் போகிறது என்று பொருள். அடுத்தது சுவர். பின்புறம் சுவரைத் தொடும்படி குனிந்து நின்று, கை இரண்டையும் மார்பில் மடித்துக்கொண்டு திரும்ப வேண்டும். மேலே போகும்போது வலப்பக்கம் சுவரில் அழுந்த வேண்டும், இறங்கும்போது இடப்பக்கம். நம்மில் பலருக்கு இறங்கும்போது இடுப்பு சுவரை விட்டுப் பந்துப் பக்கம் தள்ளிவிடும். பிறகு நிமிர்ந்து, கையால் சமாளித்து அடிப்போம். மூன்றாவது, டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து வீசுவது. 'விஷ்' என்ற ஓசை பந்து இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும். வலத் தோள் பக்கமே கேட்டால் விசையை அங்கேயே தீர்த்துவிட்டீர்கள். அடுக்குமாடி வீட்டில் மேற்கூரை தாழ்வு, இந்த ஒன்றை மட்டும் கீழே கார் நிறுத்துமிடத்தில் செய்கிறேன்.

வீட்டுப் பயிற்சியின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிது. தப்பைத் தப்பென்று சொல்ல ஆளில்லை. தினமும் பத்து நிமிடம் தப்பாகச் செய்தால் அந்தத் தப்பு கல்லில் எழுதியது போல் நிற்கும். கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் படம் உதவும்.

ஆசான்: மாதம் ஒரு மணி நேரம்

அதனால்தான் கோச். ஒரு மணி நேரப் பாடத்துக்குக் கொடுக்கும் வெள்ளியில் எத்தனையோ வாளிப் பந்து வாங்கலாம், உண்மைதான். ஆனால் நான்கு வருடம் நான் கண்டுபிடிக்காத ஒன்றை என் ஆசான் ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்தார். இடக்கைப் பிடி. மட்டையைப் பிடித்துக் கீழே பார்த்தால் இடக்கையில் ஒரே ஒரு விரல் முட்டிதான் எனக்குத் தெரிந்தது. இரண்டரை தெரிய வேண்டும் என்றார்.

எல்லாப் பாடமும் அப்படி அமையாது. அதற்கு முன் வேறொருவரிடம் போனேன். ஒரு மணி நேரத்தில் ஏழு திருத்தம் சொன்னார். தலை, தோள், இடுப்பு, மணிக்கட்டு, முழங்கால் என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு திடலுக்குப் போய், பந்தையே தொட முடியாமல் நின்றேன். அந்த மாதம் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று தோன்றியது.

எப்படிப்பட்டவரைத் தேடுவது? 1999-இல் கேப்ரியேல் வுல்ஃபும் அவரோடு சேர்ந்தவர்களும் கோல்ஃபை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். கை எப்படி ஆடுகிறது என்று கவனித்தவர்களைவிட, மட்டை எப்படி ஆடுகிறது என்று கவனித்தவர்கள் துல்லியமாகக் கற்றார்கள். ஆகவே "முழங்கையை மடக்காதே" என்பவரைவிட "மட்டையின் தலையை அந்த மரத்துப் பக்கம் வீசு" என்பவர் நல்லவர். முடிந்தால் தமிழில் சொல்லித்தருபவரைத் தேடுங்கள். எம். ராமையா, பி. குணசேகரன் போன்றோர் தொழில்முறையில் ஆடிய நாடு இது, தமிழ் பேசும் ஆசான் கிடைப்பது அரிதல்ல. என் ஆசான் "இழுக்காதீங்கண்ணே, வீசுங்க" என்றார். ஆங்கிலத்தில் பத்து பாடம் கேட்டும் என் கைக்குப் புரியாதது அந்த இரண்டு சொல்லில் புரிந்தது.

வாரா வாரம் போக வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை, ஒரே ஒரு திருத்தம், மிச்சம் முப்பது நாள் வீட்டில் அதை ஊறப் போடுவது.

மைத்துனர் கேட்ட ஸ்கிரீன் வைத்த இடம், அதாவது சிமுலேட்டர் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. குளிர்சாதன அறை, மழைக் கவலை கிடையாது, மட்டையின் பாதை, பந்தைத் தொடும் பரப்பான முகம், வேகம் எல்லாம் எண்ணாக வரும். ஆனால் அங்கேயும் காலடியில் பாய்தான். எண்ணைப் பார்த்ததும் இன்னும் தூரம், இன்னும் வேகம் என்று கை முறுக்கிக்கொள்ளும். எக்ஸ்ரே எடுக்கப் போவது போல, சந்தேகம் வரும்போது போய்ப் பார்த்து வந்தால் போதும்.

மைத்துனரின் ஸ்லைஸ்

இனி அவர் பிரச்சினைக்கு வருகிறேன். பந்து எந்தப் பக்கம் புறப்படுகிறது என்பது மட்டை வீசிய பாதையைப் பொறுத்தது என்றுதான் வெகுகாலம் சொல்லித்தந்தார்கள். ராடார் கருவிகள் வந்து அதை மாற்றின. புறப்படும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது, தொடும் கணத்தில் மட்டையின் முகம் பார்க்கும் திசை. பாதைக்கும் முகத்துக்கும் உள்ள வேறுபாடுதான் பந்தை வளைக்கிறது.

இது தெரிந்தால் ஸ்லைஸ் இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் புறப்பட்டு வலப்பக்கம் வளைந்தால், முகத்தைவிடப் பாதைதான் குற்றவாளி. மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வருகிறது. இவருக்கு, பந்துக்கு அப்பால் நான்கு விரல் தள்ளி மட்டையுறை ஒன்றைத் தரையில் வைத்து, அதைத் தொடாமல் அடிக்கும் பயிற்சி சரியான மருந்து. வலப்பக்கமே புறப்பட்டு இன்னும் வலப்பக்கம் வளைந்தால் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது. இவர் மட்டையுறைப் பயிற்சி செய்தால் வளைவு குறையலாம், ஆனால் பந்து வலப்பக்கமே போகும்.

என் மைத்துனர் இரண்டாவது வகை. காணொளி பார்த்து ஆறு வாரம் மட்டையுறை வைத்து அடித்தார், "ஒண்ணும் ஆவல மச்சான்" என்றார். பயிற்சியில் பிழையில்லை, அது வேறொருவருக்கான மருந்து. அவர் முதலில் பிடியைப் பார்க்க வேண்டும். பிறகு இரு கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டுப் பிடித்து மெதுவாக அரை ஸ்விங். அப்படிப் பிடித்தால் முன்கை உருண்டு முகம் மூடுவதைக் கை உணரும். பந்து நேராகவோ சற்று இடப்பக்கமோ புறப்படத் தொடங்கிய பிறகுதான் பாதையைத் தொட வேண்டும். வரிசை மாறினால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

மூன்று மணி நேரக் கணக்கு இதுதான். ஐந்து நாள், நாளுக்குப் பத்து நிமிடம், வீட்டில்: இடைவெளிப் பிடியும் துண்டும். வாரம் ஒருமுறை ரேஞ்சு, நாற்பது பந்து, ஒரு மணி நேரம். மிச்ச நேரம் சிப்பிங், பட்டிங் என்ற குறுகிய அடிகள். கோச் பாடம் உள்ள வாரத்தில் அந்த மிச்சத்தைப் பாடம் எடுத்துக்கொள்ளும். சிமுலேட்டர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முகம் எத்தனை பாகை திறந்திருக்கிறது என்று மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள.

வரும் புதன் இரவு எட்டரைக்கு அவரை ரேஞ்சுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு 7 அயர்ன், 9 அயர்ன், வெட்ஜ் மூன்றோடு வரட்டும். துண்டு நான் கொண்டுவருகிறேன்.