15 டாலர் மேசையா, 25 டாலர் மேசையா?

லாஸ் வேகஸில் பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டம் ஆடப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது குறைந்தபட்சப் பந்தயம் எவ்வளவு என்பதைத்தான். ஸ்ட்ரிப் என்ற முக்கியச் சாலையில் உள்ள பெரிய கசினோக்களில் 15 டாலர் மேசையும் 25 டாலர் மேசையும் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதுண்டு. நான் 25 டாலர் மேசையில்தான் உட்காருகிறேன். காசு கொழுத்துப் போய் அல்ல, கணக்குப் பார்த்துத்தான்.

ஆட்டம் இரண்டிலும் ஒன்றுதான். 21-ஐத் தாண்டாமல், கசினோ தரப்பில் சீட்டுப் போடும் டீலரை முந்த வேண்டும். படச் சீட்டுகளுக்கு 10, ஏஸுக்கு 1 அல்லது 11. ஹிட் என்றால் இன்னொரு சீட்டு, ஸ்டாண்ட் என்றால் போதும். டபுள் சொன்னால் பந்தயம் இரட்டிப்பு, ஆனால் ஒரே ஒரு சீட்டுதான் கிடைக்கும். ஜோடி விழுந்தால் ஸ்ப்ளிட் செய்து இரண்டு கையாக ஆடலாம். 8 ஜோடியையும் ஏஸ் ஜோடியையும் எப்போதும் பிரிக்க வேண்டும், பத்து ஜோடியைத் தொடவே கூடாது. இதெல்லாம் 1956-லேயே நான்கு அமெரிக்க ராணுவத்தினர் கணக்கிட்டு வெளியிட்டுவிட்ட விஷயம்.

வித்தியாசம் மேசை விரிப்பில் வளைவாக அச்சடித்த ஒரு வரியில் இருக்கிறது. முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும் சேர்ந்தால் அதற்குப் பெயர் பிளாக்ஜாக். அதற்கு 25 டாலர் மேசைகள் சிலவற்றில் 3:2, அதாவது இரண்டு வைத்தவருக்கு மூன்று. 15 டாலர் மேசையில் பெரும்பாலும் 6:5, ஐந்து வைத்தவருக்கு ஆறு. எண்கள் பெரிதாகத் தெரிவதால் பலர் 6:5 தான் லாபம் என்று நினைத்து உட்காருகிறார்கள். 25 டாலருக்கு 3:2 என்றால் டீலர் 25 டாலர் பச்சைச் சிப் ஒன்றும் 5 டாலர் சிவப்புச் சிப் இரண்டும் வைத்து, மேலே இரண்டரை டாலரும் தள்ளுவார்: 37.50. அதே பந்தயத்துக்கு 6:5 கொடுப்பது வெறும் 30.

ஏறக்குறைய 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை பிளாக்ஜாக் விழும். அதனால் இந்த ஒரு வரி மட்டுமே கசினோவின் சாதகத்தை, அதாவது பந்தயத்தில் அது சராசரியாக எடுத்துக்கொள்ளும் பங்கை, சுமார் 1.4 சதவீதம் ஏற்றிவிடுகிறது. டீலர் ஏஸும் 6-மாக வரும் 17-இல் நிற்காமல் இன்னொரு சீட்டு எடுக்கும் விதிகூடச் சுமார் 0.2 தான். ஆறு கட்டுச் சீட்டு, ஒழுங்கான ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் 3:2 மேசையில் சாதகம் 0.6 சதவீதத்தை ஒட்டி, 6:5 மேசையில் 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 100 ஆட்டம் ஆடினால் 3:2 தரும் 25 டாலர் மேசையில் சராசரியாகப் போவது 15 டாலர், 6:5 தரும் 15 டாலர் மேசையில் போவது 30. சின்ன மேசைதான் அதிகம் தின்கிறது!

சரி, சராசரி வேறு, ஒரு சாயங்காலம் வேறு. 25 டாலர் மேசையில் ஏற்ற இறக்கம் கடுமையாக இருக்கும். கையில் 200 டாலரோடு வருகிறவர் ஆறு கை தோற்று, ஒரு டபுளும் போனாலே சட்டைப்பை காலி. அவருக்கு 15 டாலர் மேசையில் பொழுதாவது போகும். ஒரே கட்டுச் சீட்டில் ஆடும் 6:5 மேசை எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஒரே கட்டு ஆட்டக்காரருக்கு நல்லது என்பது உண்மைதான், ஆனால் அந்த நன்மையை 6:5 விழுங்கிவிடுகிறது, சாதகம் 1.5 சதவீதத்தை ஒட்டியே இருக்கும்.

டீலரிடம் ஏஸ் தெரியும்போது, அவருக்குப் பிளாக்ஜாக் இருக்கும் என்று தனியாக வைக்கும் பந்தயம்தான் இன்ஷூரன்ஸ். அதை இரண்டு மேசையிலும் மறுத்துவிடுங்கள். ஒரே ஒரு இடத்தில்தான் பதில் மாறும். உங்களிடம் பிளாக்ஜாக், டீலரிடம் ஏஸ் தெரிகிறது, வைத்த அளவு பணத்தை இப்போதே வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்கிறார். 3:2 மேசையில் வேண்டாம் என்பதே சரி, காத்திருந்தால் சராசரியாகப் பந்தயத்தைப் போல 1.04 மடங்கு வரும். 6:5 மேசையில் காத்திருந்தால் வருவது 0.83 தான், அதனால் கேட்டால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த மேசைகளில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.