பச்சை பெயிண்ட் அடித்த 'சிங்கிள் ஃபேஸ்' வெல்டிங் மிஷின்: நான் ஏமாந்த கதை

வீட்டுக் கேட்டின் கீழ்ச்சட்டம் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. மொட்டை மாடியில் துணிக்கொடிக்கு இரண்டு கம்பம் நட வேண்டும், கோழிக்கூண்டு வேறு பாதியில் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் பட்டறை ஆளைக் கூப்பிட்டால் கட்டுப்படியாகாது என்று பழைய ஏசி வெல்டிங் மிஷின் ஒன்று வாங்கினேன். கோவையில் பழைய மிஷின் வாங்கி விற்கும் ஒரு கடை. பெயர் வேண்டாம், வாங்கப்போகிறவர்களுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

"250 ஆம்ப், ஃபுல் காப்பர், சிங்கிள் ஃபேஸ்ல அருமையா ஓடுமுங்க" என்றார் கடைக்காரர். விலை 9,500 ரூபாய். புது இன்வெர்ட்டர் மிஷினே கிட்டத்தட்ட அந்த விலைக்குக் கிடைக்கும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அதில் போர்டு போனால் தூக்கிப் போட வேண்டியதுதான், காப்பர் மிஷின் என்றால் பேரன் காலம்வரை வரும் என்று அப்பா சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறியிருந்தது. கடையிலேயே 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் ராடு போட்டு ஒரு ஆங்கிளில் இழுத்துக் காட்டினார். அழகாக ஓடியது. எந்த லைனில் கொடுத்திருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. பெட்டி முழுக்கப் புதுப் பச்சை பெயிண்ட், பெயர்த் தகட்டின் மேலும் அதே பெயிண்ட். அதையும் கேட்கவில்லை. இரண்டு பேர் அலுங்காமல் தூக்கி டெம்போவில் வைத்தார்கள். அத்தனை ஆம்ப் காப்பர் மிஷினை அப்படித் தூக்க முடியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

வீட்டில் இதற்கென்றே 6 ஸ்கொயர் வயர் இழுத்து, 32 ஆம்ப் எம்சிபி, எர்த் எல்லாம் போட்டேன். (மூன்று பின் பிளக்கில் சொருகி ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளியே 70 வோல்ட் தரும் மிஷினில் 100 ஆம்ப் வைத்து இழுத்தால், 230 வோல்ட் பக்கம் 30 ஆம்ப் கேட்கும்.) சுவிட்சைப் போட்டு 2.5 ராடைத் தட்டினால் சின்னதாக ஒரு பொறி, உடனே ஒட்டிக்கொள்கிறது. பிய்த்தெடுத்துத் தட்டினால் மறுபடி ஒட்டுகிறது. ஒரு பாக்கெட் ராடு இப்படியே போனது. போன் செய்தேன். "உங்க ஏரியாவுல வோல்டேஜ் கம்மி சார். கை பழகணும்."

கை பழகவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மனசு கேட்காமல் ராடு மாட்டும் ஹோல்டருக்கும், வெல்டிங் செய்யும் இரும்பில் கவ்வும் எர்த் கிளாம்புக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்தேன். 42 வோல்ட். நான் வைத்திருந்த 6013 வகை ராடு ஏசியில் ஒழுங்காகப் பிடிக்க 50க்குக் குறையக் கூடாது. நல்ல மிஷினில் 70, 80 இருக்கும். தகட்டைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். இன்புட் 415 வோல்ட், 2 ஃபேஸ் என்று இருந்தது, அதாவது இரண்டு ஃபேஸ் வயருக்கு நடுவே கொடுக்க வேண்டியது. 415க்குச் சுற்றிய காயிலுக்கு 230 கொடுத்தால் வெளியே வருவதும் 55 சதவீதம்தான். 76 வர வேண்டிய இடத்தில் 42. கடையில் இரண்டு ஃபேஸ் கொடுத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். என் வீட்டில் இருப்பது ஒரே ஃபேஸ், 230 வோல்ட்.

இதுவரை நடந்ததைக்கூட மன்னித்துவிடலாம். இரண்டு நாள் மழை பெய்தது. அதன்பின் மிஷினைப் போட்டாலே வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. மறுபடி போன். "எர்த் வயரைக் கழட்டிட்டு ஓட்டுங்க சார், ட்ரிப் ஆகாது. எங்க கடையில எல்லாம் அப்படித்தான்" என்றார். 30 மில்லி ஆம்பில் விழுகிற ஆர்சிசிபி விழுகிறதென்றால் கரண்ட் பெட்டிக்குக் கசிகிறது என்று அர்த்தம். எர்த்தைக் கழற்றினால் அந்தக் கரண்ட் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கும், தொடுகிற ஆளுக்காகக் காத்துக்கொண்டு. ஸ்பேனரைக் கையில் எடுத்தும்விட்டேன். லேத்தில் வேலை பார்க்கும் மச்சான் அன்று வீட்டில் இருந்தது என் நல்ல நேரம். "மாமா, கைய எடுங்க. இத மொதல்ல வைண்டிங் கடைக்குக் கொண்டுபோலாம்" என்று தடுத்தான்.

ரீவைண்டிங் செய்பவர் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்த்தார். லைன் வந்து சேரும் பிரைமரி காயிலுக்கும் பெட்டிக்கும் நடுவே 1 மெகா ஓம்கூட வரவில்லை, அதாவது இன்சுலேஷன் போய்விட்டது. பிறகு காயிலின் ஓரத்தை பிளேடால் லேசாகச் சுரண்டிக் காட்டினார். மேலே வார்னிஷ் பூச்சில் செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். டெர்மினலுக்கு வரும் முனைகளில் மட்டும் ஒரு சாண் காப்பர் ஒட்டியிருந்தது, வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு. எப்போதோ எரிந்துபோய், யாரோ மலிவாகச் சுற்றிய காயில். அலுமினியம் கரண்டைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். அதற்கேற்பத் தடிமனான கம்பி போட்டுச் சுற்றினால் தப்பில்லை என்றார் அவர். இதில் போட்டிருந்தது ஒல்லிக் கம்பி. காப்பரில் மறுபடி சுற்ற அவர் சொன்ன தொகை, நான் மிஷினுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனேன். பில் இல்லை, நானும் கேட்டிருக்கவில்லை. ஒரு மணி நேரம் சண்டை போட்டு 4,000 ரூபாய் வாங்கினேன். டெம்போ வாடகை என் தலையில்.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். மிஷின் வாசலிலேயே நிற்கிறது, இப்போது நீலப் பெயிண்ட். அட்டையில் '250 ஆம்ப், சிங்கிள் ஃபேஸ்' என்று எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள். டெம்போவிலிருந்து இறக்கும்போது எங்கள் படிக்கட்டில் இடித்ததில் பின்பக்க வலது மூலை நெளிந்திருக்கும். அதை இன்னும் தட்டி எடுக்கவில்லை.