அப்பாவின் பென்ஷனும் 1930-ம்

மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து ஊருக்கு வந்தவன், அதில் இரண்டு நாள் சைபர் கிரைம் ஸ்டேஷன் பெஞ்சில் போகும் என்று நினைக்கவே இல்லை. வந்த நாலாம் நாள் அப்பாவின் போனுக்கு, கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு மெசேஜ், கூடவே போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஒரு ஏபிகே ஃபைல். மனிதர் அதைத் தொட்டுவிட்டார். பென்ஷன் கணக்கிலிருந்து இரண்டு தடவையாக 84,000 ரூபாய் காலி.

சித்தப்பா ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று வண்டியை எடுத்துவிட்டார். நல்லவேளை, அதற்குள் நான் சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அடித்தேன். மூன்றாவது முயற்சியில் ஒரு பெண் எடுத்தார். ஆறுதல் வார்த்தையெல்லாம் இல்லை. கணக்கு எண், பணம் போன நேரம், பேங்க் மெசேஜில் இருக்கும் 12 இலக்க யுடிஆர் எண் (பணப் பரிமாற்ற எண்), அவ்வளவுதான் கேட்டார். புகார் எண் மெசேஜாக வந்தது. மீதி விவரத்தை தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அங்கே ஓடிபி இந்திய நம்பருக்குத்தான் வரும், என் கனடா சிம் எதற்கும் ஆகவில்லை, அம்மா போன்தான் காப்பாற்றியது.

அப்புறம் உள்ளூர் ஸ்டேஷன். "இது எங்ககிட்ட வராது சார்." தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது, சரி, அதற்காக புகார் வாங்கியதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது போடக்கூடவா கை வராது?

மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனில் கதையே வேறு. எஸ்.ஐ. அம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: பணம் முதலில் வெளிமாநிலக் கணக்கு ஒன்றுக்கு, அங்கிருந்து நாலு கணக்குகளுக்கு, மூன்றில் ஏடிஎம்மில் எடுத்தாகிவிட்டது. நாலாவதில் மட்டும் 31,000 நின்றிருக்கிறது, 1930 புகாரை வைத்து பேங்க் அதை முடக்கிவிட்டது. "நேரா இங்க வந்திருந்தீங்கன்னா இதுவும் போயிருக்கும்" என்றார். அந்தக் கணக்குக்காரன் பெரும்பாலும் கமிஷனுக்காக பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் வாடகைக்கு விட்ட பையனாக இருப்பானாம், ஆட்டி வைப்பவன் எங்கேயோ.

முடக்கிய பணம் கைக்கு வர அப்போது கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்க வேண்டியிருந்தது. வக்கீலைப் பார்த்து அப்பாவிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன். தினமும் வீடியோ காலில் அப்பா கேட்பது ஒன்றுதான்: "கோர்ட்ல தேதி சொன்னாங்களாப்பா?"