மோஷன் போனால் குடல் அடைப்பு இல்லையாம்! கடலூர், புதுச்சேரி பக்கம் இருப்பவர்கள் படித்துவிடுங்கள்

கடலூரில் ஒரு தனியார் நர்சிங் ஹோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இப்போது போடவில்லை. இன்பாக்ஸில் வந்து கேட்காதீர்கள். பெயரைவிட அங்கே நடந்ததுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. நான் பள்ளியில் படிக்கும்போது கர்ப்பப்பையை எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே இன்றும் நீளமாகத் தழும்பு இருக்கிறது. போன மாதம் திடீரென்று வயிற்று வலி. சுருட்டிப் பிடிக்கும், சில நிமிடத்தில் விட்டுவிடும், மறுபடி வரும். கஞ்சி குடித்தாலும் வாந்தி. வயிறு உப்பிப்போய், புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டார்.

"மோஷன் போச்சா?" என்றார் டாக்டர். தண்ணீர் மாதிரி கொஞ்சம் போனது என்றோம். "காத்து பிரியுதா?" பிரிகிறது. "அப்புறம் என்ன, கேஸ்தான்." புடவைக்கு மேலேயே கையை வைத்து எடுத்தார், அவ்வளவுதான் பரிசோதனை. பழைய ஆபரேஷனைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானே சொன்னபோது, "அது எந்தக் காலத்துலயோ நடந்தது, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார்.

அட்மிஷன் போட்டார்கள். மஞ்சள் மருந்து கலந்த குளுக்கோஸ், வலிக்கு ஒரு ஊசி, கேஸுக்கு ஒரு ஊசி. இளநீர் கொடுக்கலாம் என்றார்கள். ராத்திரி, "வயிறு சுத்தமாகட்டும்" என்று பேதி மருந்து. அதற்குப் பிறகு அம்மா துடித்த துடிப்பைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை வலி வரும்போதும் வயிற்றுத் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்து நகர்வது கண்ணுக்கே தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் கடமுடவென்று சத்தம் கேட்டது. வாந்தி பச்சையாக மாறி, பிறகு பழுப்பாகி, மல நாற்றம் அடித்தது. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வயசானவங்கக்கா, அப்படித்தான் இருக்கும்" என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டுப் போனார். கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே இருந்தும் எடுக்கவில்லை. பில்லில் மட்டும் 'ஸ்பெஷலிஸ்ட் விசிட்' என்று ஒரு வரி. அப்படி யாரும் எங்கள் அறைப் பக்கம் வந்ததே இல்லை.

வேறு இடம் போகிறோம் என்றதும், எங்கள் சொந்தப் பொறுப்பில் போவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். தம்பி காரை எடுத்துவர, அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி கோரிமேடு ஜிப்மர் அவசரப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இருந்த இளம் டாக்டர் தழும்பைப் பார்த்ததுமே கேட்ட கேள்வி, "அம்மாவுக்கு முன்னாடி என்ன ஆபரேஷன்?"

எக்ஸ்ரேயில் குடலுக்குள் காற்றும் நீரும் மட்டம் மட்டமாக நின்றன. சிடி ஸ்கேனில் சிறுகுடல் ஓரிடம் வரை வீங்கி, அதற்கு அப்பால் சுருங்கிக் கிடந்தது. பகுதி அடைப்பு. வயிற்றில் கத்தி பட்டவர்களுக்கு உள்ளே ஆறும்போது நார் மாதிரி ஒட்டுத் திசு உண்டாகி, பல வருடம் கழித்தும் குடலை இழுத்து மடக்கலாமாம். சிறுகுடல் அடைப்புக்கு முதல் காரணமே இதுதான் என்றார் டாக்டர். ஆபரேஷனே ஆகாதவர்களுக்கும் குடலிறக்கம், குடல் காசநோய், கட்டி இவற்றால் வரலாம்.

மோஷன் போனதே என்று கேட்டேன். ஹோஸ் பைப் மடங்கினாலும் தண்ணீர் கசிந்து வருகிற மாதிரி, பகுதி அடைப்பில் காற்றும் நீர்த்த மலமும் தாண்டிப் போகும். முழு அடைப்பில்கூட, அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்தது முதலில் வெளியேறலாம். அதை வைத்து அடைப்பு இல்லை என்று முடிவு கட்டவே முடியாது. பேதி மருந்து கொடுத்தால், அடைபட்ட இடத்தை நோக்கிக் குடல் இன்னும் முட்டும். அன்று ராத்திரி அம்மாவுக்கு நடந்தது அதுதான்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் ட்யூப் போட்டதும் பச்சையும் பழுப்புமாகப் பை நிறைந்தது. வாய்வழி சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. வாந்தியில் பொட்டாசியம் இறங்கிப்போய்விட்டது, அது குறைந்தாலே குடல் இன்னும் மந்தமாகுமாம், அதையும் டிரிப்பில் ஏற்றினார்கள். சிறுநீர் குறைந்திருந்ததால் கிட்னியையும் கவனித்தார்கள். பகுதி அடைப்பு பெரும்பாலும் இப்படியே சரியாகிவிடும். அம்மாவுக்கும் கத்தி வைக்காமலே சரியானது. ஆனால் சர்ஜன்கள் மாற்றி மாற்றி வந்து வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். விட்டு விட்டு வரும் வலி விடாத வலியாக மாறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாடி வேகமாகத் துடித்தாலோ, குடலுக்கு ரத்த ஓட்டம் நின்றிருக்கலாம். அப்புறம் அழுகல், ஓட்டை, ரத்தத்தில் கிருமி என்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து வந்துவிடும்.

வீட்டில் யாருக்காவது இப்படி வலியும் வாந்தியும் உப்பலும் சேர்ந்து வந்தால், சிசேரியனோ அப்பெண்டிக்ஸோ எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் டாக்டர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள். 'சம்பந்தம் இல்லை' என்றால், எக்ஸ்ரேயாவது எடுங்கள் என்று நில்லுங்கள். பச்சை வாந்தி வந்த பிறகு பேதி மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள். சர்ஜன் இருக்கும் இடத்துக்குக் கிளம்புங்கள். 108 இலவசம்.

இன்னொன்று, கேஸ் ஷீட், அதாவது என்ன சிகிச்சை கொடுத்தார்கள் என்று மருத்துவமனை எழுதி வைக்கும் ஆவணம். மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறை விதிப்படி, நோயாளி தரப்பு கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். எங்களுக்கு "டாக்டர் ஊரில் இல்லை" என்ற பதில்தான் வந்துகொண்டிருக்கிறது. எழுத்தில் கேட்டு நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன். அதையும் பில்லையும் சேர்த்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்தாயிற்று. அந்த 'ஸ்பெஷலிஸ்ட்' யார் என்று அவர்களாவது கேட்கட்டும். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.