மதுரை டிராவல்ஸ் கடை: விசாவுக்கு இரண்டு நட்சத்திரம், அக்காவுக்கு ஐந்து

ஆறு வருடக் காதல் முறிந்த மூன்றாம் மாதம், முதல் வெளிநாட்டுப் பயணத்துக்காக டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். உட்காரும் முன்பே "ரெண்டு டிக்கெட்டாம்மா?" என்றார் அக்கா. ஒன்று என்றேன். முகத்தைப் பார்த்தவர் வேறெதுவும் கேட்கவில்லை, டீ வரவழைத்தார். வியட்நாம் தலைநகர் ஹனோய்க்கு டிக்கெட் போட்டதும், ஹாலாங் விரிகுடாப் படகுப் பேக்கேஜிலிருந்த ஜோடி டின்னரைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டதும் அவர்தான். தனி ஆளுக்கான கூடுதல் அறை வாடகையை மட்டும் அவராலும் எடுக்க முடியவில்லை!

விசாதான் சொதப்பல். வியட்நாம் இ-விசாவுக்கு, ஒருமுறை நுழைய, அரசுக் கட்டணம் 25 டாலர். 90 நாள் வரை தருவார்கள். பாஸ்போர்ட்டின் தகவல் பக்கமும் கண்ணாடி போடாத போட்டோவும் போதும். கடையில் என்னிடம் வாங்கியது ஐயாயிரம் ரூபாய். அதற்கும் மேல், கம்ப்யூட்டரில் இருந்த தம்பி பாஸ்போர்ட் எண்ணில் 3-ஐ 8 என்று அடித்திருந்தார். பணம் கட்டும் முன் பார்த்ததால் தப்பித்தேன். விசா மறுக்கப்பட்டாலும் கட்டிய கட்டணம் திரும்பாது.

படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்கிறார்கள். பழக்கதோஷத்தில் அவன் எண்ணைப் பாதி சொல்லிவிட்டேன். அக்கா தம்பியிடம், "அழிச்சிட்டு அம்மா நம்பர் போடுப்பா" என்றார்.

டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் தாராளமாகப் போகலாம். விசாவை வியட்நாம் அரசின் இணையதளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், அரை மணி நேர வேலைதான்.