வரவேற்பு கவுன்: ஆயத்த உடையைத் திருத்துவதா, அளவெடுத்துத் தைப்பதா?

கோலாலம்பூரில் திருமண வரவேற்புக்கு நீண்ட கவுன் தேடுவோர், மஸ்ஜித் இந்தியா வட்டாரக் கடைகளில் ஆயத்த உடையை வாங்கித் திருத்திக்கொள்ளலாம். துணி எடுத்துத் தையற்காரரிடமும் கொடுக்கலாம்.

ஆயத்த உடையில், அளவுச் சீட்டிலுள்ள எண்ணை நம்பாமல், உடலின் அகன்ற பகுதிக்குப் பொருந்துவதையே எடுக்க வேண்டும். பிடித்துத் தைத்துச் சிறிதாக்குவது எளிது, ஆனால் தையலைப் பிரித்துப் பெரிதாக்குவதற்கு உள்ளே மிஞ்சியிருக்கும் துணி பெரும்பாலும் 1 அல்லது 2 சென்டிமீட்டர்தான். தோள் இறங்கி நின்றால், கையையும் கழுத்தையும் சேர்த்துப் பிரிக்க நேரிடும் என்பதால், அந்த உடை எவ்வளவு அழகாயிருந்தாலும் கடையிலேயே விட்டுவருவது நல்லது. மணிவேலை தையல் ஓரம்வரை வந்திருந்தால், மணிகளை எடுத்து, தைத்து, மறுபடி கோக்க வேண்டும். கூலி அதற்கேற்ப ஏறும்.

ஒரு தோள் தாழ்ந்தவர்க்கும், மேலுடலும் இடுப்பும் ஒரே அளவில் அடங்காதவர்க்கும் அளவெடுத்துத் தைப்பதையே பரிந்துரைப்பேன். ஆனால், மலிவான பருத்தித் துணியில் முதலில் மாதிரி தைத்து, அணிவித்துப் பார்த்த பிறகே பட்டில் கத்தரி வைப்பவராகத் தையற்காரர் இருக்க வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் அந்தப் பொறுமையை எவரிடமும் எதிர்பார்க்க முடியாது.

எவ்வழியாயினும், விழாவுக்கு அணியும் காலணியுடனேயே நீளம் குறிக்க வேண்டும். குதிகால் 5 சென்டிமீட்டர் உயர்ந்தால், உடையின் விளிம்பும் ஏறக்குறைய அவ்வளவு மேலேறிவிடும்.