வீட்டுக் கம்ப்யூட்டர்: ரைசன் 5600ஜி, எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க், கூடவே குளச்சல் உப்புக்காற்று

2022-ல் அசெம்பிள் செய்தது. ப்ராசஸர் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்; என்விஎம்இ அதில் இன்னும் வேகமான வகை), 2 டெராபைட் ஹார்ட் டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மகளின் காலேஜ் வேலை, பையனின் கேம், வீட்டுக் கணக்கு, மஸ்கட்டில் இருக்கும் தம்பியோடு வீடியோ கால் எல்லாம் இதில்தான் நடக்கிறது.

நாகர்கோவிலில் முதலில் ஏறிய கடையில் ஐ5 12400எஃப் எழுதித் தந்தார்கள். நல்ல ப்ராசஸர், குறை சொல்ல முடியாது. ஆனால் இன்டெலில் எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, திரையில் படம் வரவே தனி கார்டு போடணும். கேட்டதற்கு, "கார்டை பொறவு பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். அதுவரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

5600ஜி-யில் 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் 12 வேலையை ஓட்டும்), கூடவே உள்ளேயே வேகா கிராபிக்ஸ். வீட்டு வேலைக்கு இன்றுவரை திணறியதில்லை. இந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு ரேம் சேர்ந்து வேலை செய்தால் வேகம் கூடும், அதனால் ஒரே 16 ஜிபி ரேமைவிட 8 வீதம் இரண்டு போடுவது நல்லது. வேலரண்ட் மாதிரி கேம்களில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். பெரிய கேம்களுக்கு இது காணாது. பையன் அவ்வப்போது முனகுவான், பரவாயில்லை.

உண்மையில் காசு பேசியது எஸ்எஸ்டியில்தான். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கில் இருந்தது. பட்டனை அழுத்திவிட்டு சாயா போட்டுக் குடித்துவிட்டே வரலாம். சாட்டா எனும் பழைய வகை எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் படிக்கும், எங்களுடையது 3500 வரை போகும் என்கிறது அட்டைப்பெட்டி. அன்றாட வேலையில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்புறம், எஸ்எஸ்டியை ப்ராசஸரோடு இணைக்கும் பாதைக்கு பிசிஐஇ என்று பெயர், 5600ஜி அதில் 3.0-ஐத்தான் தாங்கும். அடுத்த தலைமுறையான பிசிஐஇ 4.0 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுத்தாலும் முழு வேகம் கிடைக்காது.

கல்யாண வீடியோ, ஞானஸ்நான போட்டோ எல்லாம் ஹார்ட் டிஸ்கில். அதே போட்டோக்களுக்கு எக்ஸ்டர்னல் டிஸ்கில் இன்னொரு பிரதி. ஒரே டிஸ்கை நம்பவே கூடாது.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். ஊரில் எந்த விமர்சனத்தைப் படித்தாலும் உப்புக்காற்றைப் பற்றி ஒரு வரி இருக்காது. சைடு பேனலைக் கழற்றினால் ஃபேன் இறக்கையில் தூசி ஈரப்பசையோடு அப்பிக்கிடக்கும். ஊதினால் போகாது, பிரஷால் சுரண்டித்தான் எடுக்கணும். பின்பக்கம் கேபிள் செருகும் தகட்டின் ஓரத்தில் துரு, ஸ்குரூ தலைகளில் வெள்ளைப் பூப்பு. ஆனி, ஆடி மழையில் ஒருமுறை திரை வராமல் பீப் சத்தம் மட்டும் வந்தது. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பை பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது. தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுங்கள், உள்ளே சூடு இருந்தால் ஈரம் தங்காது.

யுபிஎஸ் கட்டாயம். கரண்டு திடீரென்று போவது எழுதிக்கொண்டிருக்கிற டிஸ்குக்கு ஆகாது. ஐப்பசியில் இடி இடித்தால் பிளக்கோடு சேர்த்து மோடத்திலிருந்து வரும் லேன் கேபிளையும் உருவி விடுங்கள். பிளக்கை மட்டும் கழற்றினால் மின்னல் லேன் கேபிள் வழியாக மதர்போர்டுக்கு வரலாம்.